முதியோர் செயல்திறன் மதிப்பீடு

முதியோர் செயல்திறன் மதிப்பீடு என்பது, முதியவர் ஒருவர் தம் அன்றாட வாழ்வுக்குத் தேவையான செயல்களில் எவற்றைத் தாமே செய்கிறார், எவற்றுக்குப் பிறர் உதவி பெறுகிறார், எவற்றைக் கைவிட்டுவிட்டார் என்பதை ஒழுங்கான முறையில் கண்டறியும் மருத்துவ முறை ஆகும். குளித்தல், உடுத்தல், நடத்தல், கழிவறைக்குச் செல்லுதல் போன்ற எளிய செயல்கள் முதல், பணத்தைக் கையாளுதல், மருந்துகளை நேரத்துக்கு உட்கொள்ளுதல் போன்ற சிக்கலான செயல்கள் வரை இதில் அடங்கும். நோயறிதல் ஒருவருக்கு என்ன நோய் உள்ளது என்று கூறுகிறது. அந்நோயுடன் அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைச் செயல்திறன் மதிப்பீடு கூறுகிறது.

முதியோர் மருத்துவமனைகளில் பல துறையினர் சேர்ந்து விரிவாகச் செய்யும் இம்மதிப்பீட்டின் சுருங்கிய வடிவம், ஆரம்ப சுகாதார நிலையம், குடும்ப மருத்துவரின் மருத்துவமனை போன்ற முதல்நிலை மருத்துவ இடங்களில் பயன்படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நாற்காலி, நொடி காட்டும் கடிகாரம், எடை பார்க்கும் கருவி, பார்வை அட்டை, சில கேள்விகள் ஆகியவை போதுமானவை.

தேவை

முதுமையில் ஒரே நேரத்தில் பல நோய்கள் இருப்பது இயல்பு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், கண்புரை ஆகிய நான்கும் கொண்ட இருவரில் ஒருவர் வயலுக்குச் சென்று வேலை செய்யலாம். மற்றவர் படுக்கையை விட்டு எழ இயலாதவராக இருக்கலாம். மருத்துவச் சீட்டில் இருவருக்கும் எழுதப்படும் நோய்ப்பெயர்கள் ஒன்றே. இவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு செயல்திறனில் மட்டுமே வெளிப்படுகிறது.

செயல்திறன் இழப்பு பெரும்பாலும் மருத்துவரிடம் சொல்லப்படுவதில்லை. இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

• தளர்ச்சி, மறதி, காது கேளாமை, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றை மூப்பின் இயல்பான விளைவுகள் என்று முதியவரும் குடும்பத்தினரும் கருதுகின்றனர்.
• சிறுநீர் கசிவு, விழுதல் போன்றவற்றைக் கூற முதியவர் கூச்சப்படுகிறார். குடும்பத்துக்குச் சுமையாகக் கருதப்படுவோமோ என்று அஞ்சி மறைப்பதும் உண்டு.
• இழப்பு மெதுவாக நிகழ்வதால், குடும்பத்தினர் அறியாமலேயே ஒவ்வொரு வேலையாகத் தாங்கள் ஏற்றுக்கொள்கின்றனர்.
• கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவர் கேட்காத எதுவும் பேசப்படுவதில்லை.

செயல்திறன் இழப்பை முன்கூட்டியே அறிவதில் பயன் உண்டு. கண்ணாடி, கண்புரை அறுவை, தசைப் பயிற்சி, மருந்து மாற்றம், வீட்டில் ஒரு கைப்பிடி ஆகியவற்றால் இழந்த திறனின் ஒரு பகுதி மீளக்கூடும். காலம் தாழ்ந்தால் அதே முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழலாம்.

செயல்திறனில் ஏற்படும் திடீர் இழப்பு ஒரு நோய்க்குறியாகவும் கொள்ளப்பட வேண்டும். முதியோரில் நுரையீரல் அழற்சி, சிறுநீர்த் தொற்று, மாரடைப்பு, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு ஆகியன காய்ச்சலோ வலியோ இல்லாமல் தோன்றக்கூடும். சென்ற வாரம் வரை நடமாடியவர் இந்த வாரம் எழவில்லை என்பது மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். இதனை வயதின் விளைவு என்று ஒதுக்குவது உயிருக்கு ஆபத்தானது.

வரலாறு

முதியோர் மருத்துவத்தின் முன்னோடியாகக் கருதப்படும் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1935 ஆம் ஆண்டு இலண்டன் அருகே மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில், அதனை அடுத்திருந்த ஏழைகள் விடுதி நோயாளர்களின் பொறுப்பை ஏற்றார். குணமாகாதவர்கள் எனக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் விடப்பட்டிருந்த அவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து, யாருக்கு எது இயலும் என்று வகைப்படுத்தினார். முறையான பயிற்சியால் பலர் எழுந்து நடந்தனர். சிலர் வீடு திரும்பினர். மதிப்பீடே சிகிச்சையின் முதல் படி என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது.

1963 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்தோர் உள்ளிட்ட முதியவர்களைக் கவனித்து, ஆறு அன்றாடச் செயல்களைக் கொண்ட குறியெண்ணை வெளியிட்டனர். இச்செயல்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் இழக்கப்படுவதையும், குணமடையும்போது எதிர் ஒழுங்கில் மீள்வதையும் காட்ஸ் கண்டார். குளிக்கும் திறன் முதலில் குறைகிறது. உண்ணும் திறன் இறுதிவரை நிற்கிறது. குழந்தை வளர்ச்சியில் இத்திறன்கள் தோன்றும் வரிசையுடன் இது ஒத்திருப்பதாகவும் அவர் குறிப்பிட்டார்.

1965 ஆம் ஆண்டு புளோரன்ஸ் மகோனியும் டோரத்தியா பார்த்தெலும் பத்து உருப்படிகளைக் கொண்ட பார்த்தெல் குறியெண்ணை வெளியிட்டனர். 1969 ஆம் ஆண்டு பவல் லோட்டன், எலைன் பிரோடி ஆகியோர் தனித்து வாழத் தேவையான சிக்கலான செயல்களுக்கு ஓர் அளவுகோலை அமைத்தனர். 1984 ஆம் ஆண்டு லாரன்ஸ் ரூபன்ஸ்டீன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் விரிவான மதிப்பீடும் அதன்வழிப் பராமரிப்பும் பெற்ற முதியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் 23.8 விழுக்காடு, வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் இது 48.3 விழுக்காடு.

இத்தகைய விரிவான மதிப்பீட்டுக்கு நீண்ட நேரம் தேவை. முதல்நிலை மருத்துவருக்கு அந்நேரம் இல்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாக மார்க் லாக்ஸ் முதலியோர் 1990 ஆம் ஆண்டு ஓர் எளிய முறையை முன்வைத்தனர். நீண்ட வினாப்பட்டியலுக்கு மாற்றாக, பார்வை, கேள்வி, கை, கால், சிறுநீர்க் கட்டுப்பாடு, உணவு, நினைவு, மனநிலை, அன்றாடச் செயல்கள், வீட்டுச் சூழல், சமூகத் துணை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓரிரு கேள்வியோ ஒரு சிறு சோதனையோ மட்டும் செய்து, குறை காணப்பட்ட இடத்தில் மட்டும் ஆழமாக ஆராய்வது இம்முறையாகும். பின்னர் வந்த பல சுருக்க முறைகள் இதே வழியைப் பின்பற்றின. உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்புக் கையேடும் அவற்றுள் ஒன்றாகும்.

அன்றாடச் செயல்களின் வகைகள்

அன்றாடச் செயல்கள் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

அடிப்படைச் செயல்கள்: குளித்தல், உடுத்தல், கழிவறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறும் இவ்வகையின. இவற்றில் ஒன்றை இழந்தவருக்கு நாள்தோறும் மற்றொருவர் அருகில் இருக்க வேண்டியிருக்கலாம்.

தனித்து வாழ்வதற்கான செயல்கள்: தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்து உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டும் லோட்டன், பிரோடி அளவுகோலில் உள்ளவை. இவற்றுக்கு உடல் வலுவுடன் நினைவாற்றலும் திட்டமிடும் திறனும் தேவை. ஆகவே மறதி நோய் போன்றவற்றில் அடிப்படைச் செயல்களுக்கு முன்பாக இவையே பாதிக்கப்படுகின்றன. சில்லறையைத் தவறாக எண்ணுவது, மாத்திரையை இருமுறை விழுங்குவது ஆகியன தொடக்கநிலை அறிகுறிகளாக அமையலாம்.

பரவலாகப் பயன்படும் அளவுகோல்கள்

• காட்ஸ் குறியெண்: ஆறு அடிப்படைச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் தானே செய்தால் 1, உதவி தேவைப்பட்டால் 0.
• பார்த்தெல் குறியெண்: பத்து உருப்படிகள், மொத்தம் 100 புள்ளிகள். பக்கவாதத்துக்குப் பின் முன்னேற்றத்தைப் பின்தொடர ஏற்றது.
• லோட்டன், பிரோடி அளவுகோல்: தனித்து வாழ்வதற்கான எட்டுச் செயல்கள்.
• எழுந்து நடக்கும் நேரச் சோதனை: 1991 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரத்தை அளப்பது. 12 நொடி அல்லது அதற்கு மேல் எடுப்பவர் விழும் இடர் உடையவராகக் கருதப்படுகிறார்.
• நாற்காலியில் ஐந்து முறை எழுதல்: கைகளை மார்பின்மீது கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமர்தல். உலக சுகாதார அமைப்பின் கையேட்டின்படி 14 நொடிக்குள் முடிக்க இயலாதவருக்கு மேலும் மதிப்பீடு தேவை.

வினாப்பட்டியல்கள் ஒருவர் சொல்வதை அளக்கின்றன. நேரச் சோதனைகள் அவர் செய்வதை அளக்கின்றன. இரண்டும் வேறுபடும்போது செய்து காட்டுவதற்கே கூடுதல் மதிப்பு அளிக்கப்படுகிறது.

முதல்நிலை மருத்துவத்தில் செய்யும் முறை

மதிப்பீடு நோயாளி உள்ளே நுழையும்போதே தொடங்குகிறது. யாருடைய கையைப் பிடித்து வருகிறார், அடிகள் சிறிதாக உள்ளனவா, அமரும்போது தடுமாறுகிறாரா, பெயரைக் கூப்பிட்டபோது தாமே எழுந்தாரா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். மேற்சட்டையின் பொத்தானைக் கழற்றுவது, செருப்பைக் கழற்றி மாட்டுவது, மருந்துச் சீட்டைப் பையிலிருந்து எடுப்பது ஆகியவையும் சோதனைகளே. இதன் பின்னர்ப் பின்வரும் கூறுகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுகின்றன.

பார்வை: எழுத்தறியாதவருக்கு 'ஈ' வடிவக் குறி அட்டையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். குறை இருப்பின் கண்ணாடி அல்லது கண்புரை அறுவைக்குப் பரிந்துரைக்கப்படும்.

கேள்வி: நோயாளியின் பின்புறம் நின்று, ஒரு கை நீளத் தொலைவிலிருந்து மெல்லிய குரலில் சொற்களைக் கூறித் திருப்பிச் சொல்லக் கேட்டல். கேட்கவில்லை என்றால் முதலில் காதுக் குறும்பி அடைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். காது கேளாதவர் மறதி நோயாளி எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

கைகள்: இரு கைகளாலும் தலையின் பின்புறத்தைத் தொடச் செய்தல், ஒரு கரண்டியை எடுக்கச் செய்தல். முதலாவது இயலாதவர் தலை வாருவதற்கும் சட்டை அணிவதற்கும் துன்புறுவார்.

கால்களும் நடையும்: எழுந்து நடக்கும் நேரச் சோதனை. கடந்த ஓராண்டில் விழுந்தது உண்டா என்றும் கேட்க வேண்டும். விழுந்தவருக்குப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. மேலழுத்தம் 20 அல்லது கீழழுத்தம் 10 மி.மீ. பாதரசம் குறைந்தால், உட்கொள்ளும் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சிறுநீர்க் கட்டுப்பாடு: அறியாமல் சிறுநீர் கசிந்து துணி நனைகிறதா என்று தனிமையில் கேட்டல். தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மிகுதி, சிறுநீர் போக்கி மாத்திரை ஆகியன திருத்தக்கூடிய காரணங்கள்.

உணவு: எடை பார்த்து முந்தைய எடையுடன் ஒப்பிடுதல். முயலாமலே 3 மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் குறைவதும், பசியின்மையும் எச்சரிக்கைக் குறிகள். பற்களையும் பார்க்க வேண்டும்.

நினைவு: மூன்று பொருள்களின் பெயர்களைக் கூறிச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்தல், இன்றைய நாள், தற்போது உள்ள இடம் ஆகியவற்றைக் கேட்டல்.

மனநிலை: கடந்த இரு வாரங்களாக மனம் சோர்ந்துள்ளதா, வழக்கமாக விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் குறைந்துள்ளதா என்ற இரு கேள்விகள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடியது; ஆனால் செயல்திறன் இழப்பாக மட்டும் தோன்றி மறைந்திருக்கக்கூடும்.

மருந்துகள்: வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுதல். தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, வலி மாத்திரை ஆகியவை தனியே கவனிக்கப்பட வேண்டும்.

வீடும் துணையும்: வாசற்படி உயரம், கழிவறையின் இடம், இரவு வெளிச்சம் ஆகியவற்றைக் கேட்டல். "நோயுற்றால் உடனே யார் வருவார்கள்?" என்பது சமூகத் துணையை அறியும் ஒற்றைக் கேள்வி ஆகும்.

இவற்றில் பெரும்பகுதியைச் செவிலியரோ பயிற்சி பெற்ற களப்பணியாளரோ செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் நோயாளியிடம் ஒவ்வொரு வருகையிலும் இரண்டு கூறுகளைப் பார்த்தாலும் அரை ஆண்டுக்குள் மதிப்பீடு நிறைவுறும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர், அதாவது 8.6 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடாக இருந்தது. 2017-18 இல் நடைபெற்ற இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற் சுற்றில், 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அடிப்படைச் செயல்களில் ஒன்றிலேனும் இடர்ப்பாடு இருப்பதும், ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தனித்து வாழ்வதற்கான செயல்களில் ஒன்றிலேனும் இடர்ப்பாடு இருப்பதும் கண்டறியப்பட்டது.

இந்திய முதியோர் மருத்துவம் தமிழ்நாட்டுடன் நெருங்கிய தொடர்புடையது. 1978 ஆம் ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996 ஆம் ஆண்டு முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. நடராசனுக்கு 2012 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

நடுவண் அரசின் தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் 2010-11 இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருமுறை முதியோர் மருத்துவப் பிரிவு, மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவு, வீட்டை விட்டு வர இயலாதோரைச் சென்று பார்த்தல் ஆகியவை இத்திட்டத்தில் கூறப்பட்டுள்ளன. பின்னர் வந்த நலவாழ்வு மையங்களுக்கான வழிகாட்டுதல், முதியோரை நடமாடக் கூடியோர், நடமாட்டம் குன்றியோர், படுக்கையில் அல்லது வீட்டில் முடங்கியோர் என மூன்று வகையாகப் பிரித்துப் பராமரிக்கக் கூறுகிறது. களப்பணியாளர்கள் வீடுதோறும் நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்திலும் 60 வயதைக் கடந்தோருக்கெனத் தனிக் கேள்விகள் உள்ளன. நிற்கும்போதும் நடக்கும்போதும் தள்ளாட்டம் உள்ளதா, இயக்கத்தைத் தடுக்கும் உடற்குறை உள்ளதா, உண்ணல், உடுத்தல், குளித்தல் முதலியவற்றுக்குப் பிறர் உதவி தேவையா, நெருங்கியோர் பெயரோ வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்பன அவை. செயல்திறன் மதிப்பீட்டின் மிகச் சுருங்கிய வடிவமாக இதனைக் கருதலாம்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறை சிகிச்சை, வலிநிவாரணப் பராமரிப்பு ஆகியவை இதன்கீழ் வீட்டுக்கே கொண்டுசெல்லப்படுகின்றன. வீட்டுக்கு மருந்து கொண்டுசெல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், முதியவர் தம் வீட்டில் எவ்வாறு நடமாடுகிறார் என்பதை நேரில் காண்கிறார். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

பண்பாட்டுக்கு ஏற்ற கேள்விகள்

மேற்கூறிய அளவுகோல்கள் பெரும்பாலும் அமெரிக்க நகர வாழ்வை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் தவறான முடிவு கிடைக்கும். நாற்காலியில் இருந்து எழ இயலுமா என்ற கேள்வி, தரையில் அமர்ந்து உண்பவருக்கும், குந்தி அமரும் கழிவறையைப் பயன்படுத்துபவருக்கும் போதாது.

'செய்ய இயலவில்லை' என்பதையும் 'செய்ய வேண்டியதில்லை' என்பதையும் பிரித்தறிவது இதைவிட முக்கியமானது. மருமகள் சமைக்கும் வீட்டில் மாமியார் சமைப்பதில்லை. மகன் வரவுசெலவு பார்க்கும் வீட்டில் தந்தை பணத்தைத் தொடுவதில்லை. இவற்றை இயலாமையாகக் கணக்கிட்டால் நலமுடையவரும் குறையுடையவராகத் தோன்றுவார். மாறாக, எதுவும் எதிர்பார்க்கப்படாத முதியவரின் மறதி நோய் நீண்ட காலம் வெளிப்படாமலே போகலாம். வளரும் நாடுகளில் மறதி நோயை ஆராய்ந்த 10/66 ஆய்வுக் குழுவினரின் களங்களில் சென்னையும் வேலூர்ப் பகுதியும் இடம்பெற்றன. அன்றாட வாழ்வில் பாதிப்பு இருப்பதாகக் குடும்பத்தினர் கூறாததால், வழக்கமான அளவைகள் இத்தகைய இடங்களில் மறதி நோயாளரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதை இக்குழுவினர் சுட்டிக்காட்டினர்.

இக்குறையைப் போக்க, அரியானா மாநிலத்தின் பல்லப்கர் வட்டாரத்தில் நடந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வில், இந்தியாவுக்கான அன்றாடத் திறன் அளவுகோல் உருவாக்கப்பட்டு 1999 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதில் தொலைபேசி, சமையல் ஆகியவற்றுக்கு மாற்றாக, முக்கியத் திருவிழாக்களை நினைவில் வைத்துள்ளாரா, ஒருவர் சொன்ன செய்தியை மற்றவரிடம் சேர்க்கிறாரா, குடும்ப விவகாரங்களில் கருத்துச் சொல்கிறாரா, ஊருக்குள் வழி தவறுகிறாரா என்பவை போன்ற கேள்விகள் இடம்பெற்றன. எழுத்தறிவு இல்லாதோருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகப் பொருந்துவது இதன் சிறப்பு.

மேலநீலிதநல்லூர் வட்டாரத்துக்கான கேள்விகள்

இவ்வாறு இடத்துக்கு ஏற்பக் கேள்விகளை அமைப்பதற்கு மேலநீலிதநல்லூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் ஆகும். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. வேளாண்மையும் ஆடு மாடு வளர்ப்பும் சார்ந்த சிற்றூர்கள் நிறைந்த இத்தகைய வட்டாரத்தில், லோட்டன், பிரோடி அளவுகோலின் உருப்படிகளைப் பின்வருமாறு மாற்றிக் கேட்கலாம்:

• கடைக்குச் செல்லுதல்: நியாயவிலைக் கடைக்குத் தாமே சென்று வரிசையில் நின்று அரிசியைச் சுமந்து வருகிறாரா?
• பயணம்: சங்கரன்கோவிலுக்குத் தனியே பேருந்தில் சென்று திரும்புகிறாரா? பேருந்துப் படியில் ஏற ஒருவர் தூக்கிவிட வேண்டியுள்ளதா?
• பணம்: உதவித்தொகைப் பணத்தைத் தாமே எண்ணி வாங்குகிறாரா? மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிறாரா?
• வீட்டு வேலை: குடத்தில் தண்ணீர் எடுக்கிறாரா? முற்றம் பெருக்குகிறாரா? ஆடுகளை அவிழ்த்துக் கட்டுகிறாரா?
• நினைவு: சங்கரன்கோவில் ஆடித்தபசு எந்த மாதத்தில் வரும்? வீட்டில் கடைசியாக நடந்த திருமணம் யாருடையது?
• தரையிலிருந்து எழுதல்: உண்டபின் கையூன்றாமல் எழுகிறாரா, சுவரைப் பிடித்து எழுகிறாரா?

ஒவ்வொன்றிலும் "முன்பு செய்தீர்களா? எப்போது நிறுத்தினீர்கள்? ஏன்?" என்ற துணைக் கேள்விகள் இன்றியமையாதவை. வாழ்நாளில் பேருந்தில் தனியே செல்லாத ஒரு மூதாட்டி இன்றும் செல்லவில்லை என்பதில் பொருளில்லை. ஆண்டுதோறும் தபசுக்குச் சென்றவர் இவ்வாண்டு போகவில்லை என்பதில் பொருள் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்யும் வீடுகளில், அண்டை வீட்டாரிடமும் கேட்டறிவது பயன்தரும்.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிகழ்வு ஆகும்.

தனியே வாழும் 72 வயது மூதாட்டி ஒருவர் இரத்த அழுத்த மாத்திரைக்காகத் துணை சுகாதார நிலையத்துக்கு மாதந்தோறும் வந்தார். குறை ஏதும் கூறியதில்லை. இம்முறை வரவில்லை, அடுத்த வீட்டுப் பெண் மாத்திரை வாங்க வந்தார். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, எழுந்து நடக்கும் நேரச் சோதனைக்கு அவர் 19 நொடி எடுத்தார். இரு மாதங்களில் இருமுறை விழுந்திருந்தார். இரண்டும் விடியற்காலையில், வீட்டுக்கு வெளியே உள்ள கழிவறைக்குச் செல்லும்போது நிகழ்ந்தவை. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் 24 மி.மீ. குறைந்தது. வலது கண்ணில் முற்றிய கண்புரை இருந்தது. விழுந்துவிடும் அச்சத்தால் அவர் மாலையில் தண்ணீர் குடிப்பதையும் இரவுணவையும் நிறுத்தியிருந்தார். எடை 4 கிலோ குறைந்திருந்தது.

நோய்ப்பெயர் என்ற அளவில் இவருக்கு இருந்தது உயர் இரத்த அழுத்தம் மட்டுமே. செயல்திறன் மதிப்பீட்டின் பின்னர்ச் செய்ய வேண்டியவை ஆறு ஆயின: மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றுதல், கண்புரை அறுவைக்கு அனுப்புதல், தொடைத் தசைக்கு நாள்தோறும் நாற்காலிப் பயிற்சி, கழிவறை வழியில் விளக்கும் பிடிக்கக் கயிறும் அமைத்தல், ஊன்றுகோல் வழங்குதல், இரவுணவையும் தண்ணீரையும் மீண்டும் தொடங்கச் செய்தல். இவற்றில் எதற்கும் பெரிய மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவை இல்லை. கண் அறுவைக்கு மட்டும் வெளியூர் செல்ல வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் பின்

மதிப்பெண்ணைக் குறித்துவைப்பதோடு நின்றுவிடும் மதிப்பீட்டால் பயன் இல்லை. காணப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் யார், எப்போது, என்ன செய்வது என்று முடிவு செய்து, 3 அல்லது 6 மாதங்களில் அதே சோதனையை மீண்டும் செய்து ஒப்பிட வேண்டும். முதியவர் தாம் எதை மீண்டும் செய்ய விரும்புகிறார் என்பதே முதல் இலக்காக இருத்தல் வேண்டும். கோயிலுக்கு நடந்து செல்ல விரும்புபவருக்கும், பேரக்குழந்தையைத் தூக்க விரும்புபவருக்கும் பயிற்சி வேறுபடும்.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பல்தொகுதி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை இலவசமாக வழங்கும் ராட்டிரிய வயோசிறீ திட்டம் 2017 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மதிப்பீட்டின்போது புறக்கணிப்போ கொடுமையோ வெளிப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இன்கீழ் முறையிடலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 ஆகும்.

பராமரிப்பவரின் நிலையும் மதிப்பீட்டில் சேர வேண்டும். முதியவரைப் பேணுபவர் பல வீடுகளில் அவரையொத்த வயதுடைய மனைவியே. அவருடைய முதுகுவலியும் தூக்கமின்மையும் கவனிக்கப்படாவிட்டால் இருவருமே முடங்குவர்.

வரம்புகள்

• ஒருவரது திறன் நாளுக்கு நாள் மாறும். காய்ச்சலின்போதோ துக்கத்தின்போதோ எடுத்த மதிப்பீட்டை நிலையானதாகக் கொள்ளக் கூடாது.
• முதியவர் தம் திறனை மிகைப்படுத்தியும், குடும்பத்தினர் அதனைக் குறைத்தும் கூறக்கூடும். குடும்பத்தினர் அருகில் இருக்கும்போது முதியவருக்காக அவர்களே விடை சொல்வது வழக்கம். ஆகவே ஒரு பகுதியேனும் தனிமையில் கேட்கப்பட வேண்டும்.
• கடிகாரம் வரைதல் போன்ற நினைவுச் சோதனைகள் பள்ளி செல்லாதவருக்குப் பொருந்தா.
• சுருக்க முறைகள் குறையைச் சுட்டுகின்றன, காரணத்தைக் கூறுவதில்லை. காரணத்தை அறிய மருத்துவரின் ஆய்வு தேவை.
• நன்றாகச் செயற்படும் முதியோரில் தொடக்கநிலை இழப்பைப் பார்த்தெல், காட்ஸ் குறியெண்கள் காட்டுவதில்லை. முழு மதிப்பெண் பெற்றவரும் விழும் இடர் உடையவராக இருக்கலாம்.

இவற்றையும் பார்க்க

• முதியோர் மருத்துவம்
• மறதி நோய்
• இயன்முறை மருத்துவம்
• ஆரம்ப சுகாதார நிலையம்
• மக்களைத் தேடி மருத்துவம்
• மேலநீலிதநல்லூர் ஊராட்சி ஒன்றியம்